சம்பந்தி வீட்டுக் கறி

காரை ஓரங்கட்டி நிறுத்தியதும் மனைவி கதவைத் திறக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னாள்.

"இதோ பாருங்க. ஆபீஸரை வண்டியிலேயே விட்டுட்டு வாங்க. உள்ள என் புருஷன் மட்டும் வந்தா போதும்."

"யூனிஃபார்மே போடலையே நான்."

"யூனிஃபார்ம் போடலைன்னா? அந்தப் பை எதுக்குப் பின்னாடி கிடக்குது?"

பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில், அவளுக்குச் சமமாக இடத்தை அடைத்துக்கொண்டு அந்தப் பை உட்கார்ந்திருந்தது. உள்ளே மீன் அளக்கும் மரஸ்கேல், ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் உறைகள், வழக்கு எழுதும் தாள் கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, அந்தப் பை கூடவே வரும். கல்யாணமான புதிதில் மனைவி அதைச் சகித்துக்கொண்டாள். இப்போது அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பையைத் தொடல. போதுமா?"

"அவங்க ஃப்ரிட்ஜைப் பாக்கக் கூடாது."

"பாக்கல."

"மீன் வச்சா பேசாம சாப்பிடணும். எந்த ஏரி, என்ன வலைன்னு ஆரம்பிக்கக் கூடாது."

"ஆரம்பிக்கல."

"அளக்கக் கூடாது."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் பையன். இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அப்பா, 'பெரியவங்க ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிடுவோம், அப்புறம் தேதி குறிச்சிடலாம்' என்று கூப்பிட்டிருந்தார். இந்த ஒரு சாப்பாடு ஒழுங்காக முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று மூவருமே யோசிக்க விரும்பவில்லை.

ஒரு சாப்பாட்டுக்கு ஏன் இத்தனை பயம் என்றால், அவர் உத்தியோகம் அப்படி. மீனும் காட்டு மிருகமும் சம்பந்தப்பட்ட சட்டத்தைக் காப்பாற்றுகிற அதிகாரி. திருட்டுத்தனமாக மான் சுட்டவனைப் பிடிப்பது, குஞ்சு மீனை வாரிக்கொண்டு போகிறவனை மறித்து அளந்து பார்ப்பது, இதுதான் வேலை. ஊரில் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்று பெயர். சொந்த மச்சானின் தூண்டிலில் மாட்டிய மீனையே அளந்து, அது ஒரு விரற்கடை குறைந்ததற்கு அபராதம் போட்டவர். அன்றிலிருந்து மச்சான் இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகளைச் சின்ன வயதில் எந்தத் தோழியும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. யார் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன இருக்குமோ, யார் கண்டது!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. பிடிபடும் கறியெல்லாம் ஸ்கேல் சார் வீட்டுச் சமையலறைக்குத்தான் போகிறது என்று ஊர் முழுக்க நம்பியது. வழக்கு முடிந்ததும் குழி வெட்டி, கறியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடிவிட்டு வருவார்கள். சொன்னால் எவன் நம்புகிறான்? "அவ்ளோ கறியையும் மண்ணுக்கா போடுவான்? போங்க சார்!" என்று கண்ணடிப்பார்கள். மறுத்துப் பேசிப் பேசி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷ சர்வீஸில் அவர் மானை எடை போட்டிருக்கிறார், உரித்ததை எண்ணியிருக்கிறார், புதைத்திருக்கிறார். தின்றது மட்டும் இல்லை.

பையனின் அப்பா மரச்சாமான் கடை வைத்திருப்பவர். வாசலுக்கே வந்து இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

"வணக்கம் சார்," என்றார் இவர். எதுவும் நிச்சயமாகாமல் சம்பந்தி என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. எதையும் உறுதி செய்துகொள்ளாமல் எழுதிப் பழக்கமில்லாத மனுஷன்.

கூடத்தில் புது சோபா, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல். சாப்பாட்டு மேஜை எல்லோருக்கும் போதாது என்று கடையிலிருந்து இன்னொரு மேஜையைக் கொண்டுவந்து ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பால் மூடியிருந்தார்கள். இரண்டாவது மேஜை கொஞ்சம் குட்டை. விரிப்பின் நடுவில் ஒரு சரிவு தெரிந்தது. இவரை உயரமான பக்கம் உட்கார வைத்தார்கள். மனைவியும் மகளும் சரிவுக்கு அந்தப் பக்கம். பையன் பரிமாற நின்றான். நல்ல பையன்தான், தண்ணீர் ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தவில்லை.

பையனின் அம்மா மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் வாசனை கூடத்தை நிறைத்தது.

"என்ன கறி..." என்று இவர் ஆரம்பிக்கும்போதே மேஜைக்கு அடியில் மனைவியின் கால் நீண்டு வந்து இவர் காலை மிதித்தது.

"...கறி வாசனை பிரமாதமா இருக்குன்னு சொன்னேன்."

"முதல்ல சாப்பிடுங்க சம்பந்தி. அப்புறம் சொல்றேன்," என்று கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

இந்தக் கண் சிமிட்டல் இவருக்கு அத்துப்படி. ஊரே இவரைப் பார்த்துச் சிமிட்டுகிற கண்தான். ஆனால் மனைவியின் கால் இன்னும் இவர் கால் மேல் இருந்தது. ஆட்டுக்கறி என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டார். நன்றாக இருந்தது. என்ன செய்ய, நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டாவது கரண்டியும் தட்டில் விழுந்தது, வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் மகளும் பையனும் அலுவலகத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தன் மகள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மனைவி காலை எடுத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அவரும் நினைத்தார்.

அப்போதுதான் கடைவாய்ப் பல்லில் 'நறுக்'கென்றது.

உச்சந்தலை வரைக்கும் வலி பாய்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பல் விளிம்பு உடைந்தேவிட்டது. நாக்கால் துழாவினார். எலும்பு இல்லை. கல்லும் இல்லை. உருண்டையாக, வழுவழுவென்று இருந்தது.

பால்ரஸ். சைக்கிள் சக்கரத்துக்குள் கிடக்கும் எஃகுக் குண்டு.

இந்த வட்டாரத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவனெல்லாம் ஈயம்தான் போடுவான். பால்ரஸ் போட்டுச் சுட்டவன் ஒரே ஒருத்தன், சைக்கிள் கடைக்காரன். போன வாரம் ஒரு மானோடு கையும் களவுமாகப் பிடிபட்டான். மிருக வைத்தியர் வந்து குண்டுகளை எடுத்துவிட்டு, "தொடைக்குள்ள இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கும் சார்" என்று சொல்லியிருந்தார். அந்த மான், வழக்கு வரும் வரைக்கும் அலுவலகத்து ஐஸ் பெட்டியில் பூட்டி உறைந்து கிடக்க வேண்டியது. 'துப்பாக்கிக்குச் சைக்கிள் குண்டு போட்டிருக்கான்டி, கேட்டியா கூத்தை!' என்று ஒரு வாரமாக வீட்டில் தினம் இதே கதையைச் சொல்லி, மனைவியும் மகளும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

அது எப்படி இங்கே வந்தது? பெட்டிச் சாவி... ஜீப் சாவியோடு ஒரே வளையத்தில்! ஜீப் இரண்டு நாள் பட்டறையில் இருந்தது. வளையத்தோடு தூக்கி டிரைவரிடம் கொடுத்தது யார்? இவரேதான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சம்பந்தி வீட்டில் அதுவும் முடியாது.

குண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். ஆமாம், விழுங்கிவிடலாம். ஊரே என்னைத் தின்கிறவன் என்கிறது, தின்றும் ஆகிவிட்டது, ஒரு குண்டு உள்ளே போனால் என்ன? அவள் கல்யாணம் நடக்கட்டும். இவ்வளவு கேவலமாக அவர் தன்னை என்றுமே உணர்ந்ததில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார்.

கடைக்காரருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "எப்படி இருக்கு சம்பந்தி? சொல்லிடட்டுமா? உங்க சரக்குதான்!"

டம்ளர் இவர் வாயிலேயே நின்றது.

"மான் கறின்னா சாருக்கு உசுருன்னு ஊருல நாலு பேர் சொன்னாங்க. வெளியில எங்க கிடைக்கும்? உங்க ஆபீஸ் டிரைவரையே பிடிச்சேன். 'சாருக்கு விருந்தா? எப்படியும் புதைக்கப்போறதுதானே, நல்ல தொடையாவே எடுத்துக்கங்க'ன்னுட்டாரு. காசு கூட வாங்கலைங்க!"

புரைக்கேறியது. இருமலில் தண்ணீரும் பல்லின் துணுக்கும் சட்டையில் தெறித்தன. குண்டு தட்டில் விழுந்து 'டிங்'கென்றது. விளிம்பில் எகிறி, விரிப்பில் உருண்டு, நடுச் சரிவில் இறங்கி, மனைவியின் தட்டில் முட்டி நின்றது.

"கல்லா இருக்கும், அரிசியில..." என்றாள் பையனின் அம்மா.

மனைவி அதை எடுத்தாள். விரலில் உருட்டிப் பார்த்தாள். மகளிடம் காட்டினாள். விளக்கமே தேவைப்படவில்லை.

"பால்ரஸ்," என்றாள் மகள், மெதுவாக.

இவர் மகளைப் பார்த்தார்.

"என்னை ஏம்ப்பா பாக்கறீங்க? குண்டு உங்க வாயிலேர்ந்துதானே விழுந்துச்சு?" என்றாள். தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மனைவி எழுந்தாள். இனி அவள் சமாளிப்பாள், ஏதாவது சிரித்துப் பேசி மூடிவிடுவாள் என்று இவர் நினைத்தார். அப்படி நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தார்.

"அண்ணே," என்றாள் கடைக்காரரைப் பார்த்து. "கறிக்கடை வரிசையில நிப்பேன். 'நீங்க எதுக்குங்க வாங்கறீங்க, உங்க வீட்டுலதான் மான் தொங்குமே'ன்னு கேப்பாங்க. கேட்டுக்கிட்டு காசு கொடுத்து வாங்கிட்டு வருவேன். இந்த மனுஷனால என் கூடப்பிறந்தவன் என்கிட்ட பேசறதில்ல. பொண்ணை ஒரு வீட்டுல கூப்பிட்டதில்ல. எல்லாத்தையும் எதுக்குப் பொறுத்துக்கிட்டேன்? ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு எங்க வாயில பட்டதில்லைங்கிற ஒண்ணுக்காகத்தான். இன்னைக்கு அதையும் ஊட்டி விட்டுட்டீங்களே."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கச்சி, சத்தியமா மரியாதைக்குத்தான் செஞ்சேன். தப்புன்னு தெரியாதும்மா."

பையனின் அம்மா பதறிப்போய்ப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போக வந்தாள். பையன் குறுக்கே கை நீட்டினான்.

"அம்மா, எடுக்காதே. அது வேணும்." மூடியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் வைத்து அழுத்தி மூடினான். கையை அங்கேயே வைத்துக்கொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தது. மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி குண்டைக் கைக்குட்டையில் மடித்து இவர் முன்னால் வைத்தாள்.

"உட்கார்ந்துக்கிட்டே இருக்கீங்க? போங்க. வண்டியில இருக்கற ஆபீஸரைக் கூட்டிட்டு வாங்க."

இவர் போனார். பின் சீட்டிலிருந்து பையை எடுத்தார். டிரைவரை மனதுக்குள் நாலு கெட்ட வார்த்தை திட்டினார். சாவிக்கொத்தைக் கொடுத்த தன்னை அதற்கு மேல் திட்டினார். அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். "நீங்களே தின்னுட்டீங்களா?" என்று அந்தப் பக்கம் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் "ஆமா சார்" என்றார். சொல்லச் சொல்லப் பல் வலித்தது.

திரும்பி வந்தபோது யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. பையன் கை மூடியின் மேல்தான் இருந்தது. மகள் எழுந்துபோய் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாள் கட்டை மேஜையில் வைத்தார். கடைக்காரர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி.

"மேல இருந்து ஆள் வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள நடந்ததை எழுதி வச்சிடலாம்," என்றார் இவர். கன்னம் வீங்க ஆரம்பித்திருந்ததால் வார்த்தை குழறியது. "முதல்ல என் பேரை எழுதிக்கறேன். ரெண்டு கரண்டி சாப்பிட்டவன் நான்."

எழுதினார். பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார். தலை நிமிர்ந்து பார்த்து, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"நிக்காதீங்க, உட்காருங்க. உங்க முழுப் பேரைச் சொல்லுங்க, சம்பந்தி."