பொட்டு வைத்த போத்தல்கள்

“மூடி எங்கண்ணே? டாங்கி மூடி! ரெண்டு நாளா அதை மட்டும்…”

“என்னைக் கேட்டா? சாமிக்கு முன்னால வெச்சதை எடுத்து மாட்டினது நீதானே, நான் என்ன…”

“நான் மாட்டினது ஸ்பானரு! மூடியைக் கண்ணாலயே பாக்கல. குருபோங் வயல் வரைக்கும் டாங்கி வாயைப் பொளந்துக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?”

“துணியை வெச்சு அடைடா! ஊர்ல எவனும் அடைக்காத மாதிரிதான்.”

காஜா பெராங்கில் அந்த வீட்டுப் பின்வாசலில் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையே சண்டை தொடங்கிவிட்டது. அண்ணன் அப்பாசாமி டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். தம்பி கருணாகரன் இன்ஜின் மேல்தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் அப்பாசாமியின் மனைவி பூங்காவனம் வாடிய பூக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

சின்ன டிராக்டர்தான். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடியதற்கு மறு மாசம் தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது, ஓடி ஓடி ஓய்ந்துபோன அதை அப்பாசாமி வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இன்னமும் காலையில் அதை எழுப்புவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

“கூட்டுறவுக்காரங்க புது டிராக்டர் எடுத்துட்டு வந்துட்டாங்களாம். பொழுது ஏறுறதுக்குள்ள நாம போகலைன்னா குருபோங் ஹாஜி தன் வயல் உழவை அவங்களுக்குக் கொடுத்துருவாரு. அப்புறம் இந்தக் கம்பத்துல ஊர்க்காரன் ஒருத்தன் நம்மளைக் கூப்பிட மாட்டான்” என்றார் அப்பாசாமி.

“இது நேத்துத் தெரியலையா? நேத்துத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“பூஜை அன்னிக்கு ஆயுதத்தைத் தொடுவியா நீ? நல்லாப் பேசுறான்லா இவன்!”

“ஏங்க, காலங்காத்தால…” என்று பூங்காவனம் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“நீ சும்மா இரு.”

அவள் மறுபடி பூவைக் கூட்டத் தொடங்கினாள். கொட்டகைக்குள் நேற்றுப் போட்ட சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் அது தகரத்துக்கு அடியிலேயே தேங்கி நின்றது. சுவரில் அப்பாசாமி பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டால் வரைந்து வைத்திருந்தார். எது இல்லையென்றாலும் அதன் நிழல் மட்டும் சுவரில் தெரியும். நேற்றுப் பூஜைக்கு இறக்கிய சாமான்களைக் கருணாகரன் அவசரத்தில் மாட்டியிருந்ததால், பெரிய ஸ்பானர் சின்ன நிழல்மேல் தொங்கியது. அதைப் பார்த்த பூங்காவனத்துக்கு ஏனோ மனசு ஒரு மாதிரியாக இருந்தது.

கருணாகரன் உள்ளே வந்தான். கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“மருந்து எது அண்ணி?”

மருந்து என்று அவர்கள் சொல்வது, மண்ணெண்ணெயும் இன்ஜின் எண்ணெயும் அப்பாசாமி தன் கணக்குக்குக் கலந்து வைத்திருந்த திரவத்தை. டீசலோடு ஒரு கோப்பை சேர்த்தால் பழைய இன்ஜினின் கரி இறங்கும், அடைப்பு விடும் என்பது அவருடைய நம்பிக்கை. அது சோயா சாறு வரும் கறுப்புக் கிச்சாப் போத்தலில் இருக்கும். பலகையில் அதன் பக்கத்திலேயே இன்னொரு கிச்சாப் போத்தல். அதில் பிசுக்குக் கழுவும் பெட்ரோல்.

“எப்பவும் இருக்கிற எடந்தான் தம்பி, இடது கைப் பக்கம்” என்றாள், குனிந்து பூவை அள்ளியபடியே.

அவன் எடுத்துக்கொண்டு போனான்.

“ஒரு கோப்பைடா! ஒரே ஒரு கோப்பை!” வெளியே அப்பாசாமி கத்தினார்.

“உங்க கோப்பையும் நீங்களும்! ஒரு வருஷமா கோப்பை கோப்பையா ஊத்தி என்ன கண்டோம்? முழுசா ஊத்துறேன், ஒண்ணு பொழைக்கட்டும், இல்லாட்டிச் சாகட்டும்.”

“சிந்துதுடா! பாத்து ஊத்து. என்ன நாத்தம் இது?”

“எனக்கு மூக்கே இல்ல அண்ணே. நேத்து அண்ணி போட்ட சாம்பிராணில அதுவும் போச்சு.”

“அவ சாம்பிராணி போட்டாளா, கொசுவுக்குப் புகை போட்டாளா!”

இருவரும் சிரித்தார்கள். சண்டை அத்தோடு அடங்கியது போலிருந்தது. பூங்காவனமும் உள்ளே சிரித்துக்கொண்டாள்.

ஸ்டார்ட்டர் முனகியது. நின்றது. மறுபடி முனகியது. வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். சக்கரத்துக்கு அடியில் நேற்று வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே மஞ்சளாகக் கிடந்தன. டாங்கி வாயில் திணித்த துணி நனைந்து ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாள் மழைல குளுந்து போச்சு. சூடு காட்டினாத்தான் எழுந்திருக்கும்” என்றார் அப்பாசாமி.

பழைய இன்ஜினுக்கு அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். கம்பியில் துணியைச் சுற்றிப் பற்றவைத்து, காற்று இழுக்கும் குழாயின் வாயில் பிடித்தால் சூடான காற்று உள்ளே போய் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். குழாய்க்கும் டாங்கி வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம்தான் இருக்கும். டீசல் அவ்வளவு லேசில் பற்றாது, பயமில்லை என்று அப்பாசாமி எல்லோரிடமும் சொல்வார்.

“அண்ணி, நெருப்புப் பெட்டி!”

விளக்குமாடத்தில் இருந்த பெட்டியை எடுத்து வாசலில் நின்றபடியே அவன் கையில் கொடுத்தாள். “மெதுவாப் பிடி தம்பி” என்றாள்.

“இது என்ன இன்னிக்கு நேத்தா அண்ணி!”

திரும்பி வந்து ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். மிஞ்சி நின்ற போத்தலின் நெற்றியிலும் நேற்று அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. மற்ற வருஷங்களில் பொட்டு வைப்பது அப்பாசாமி. இந்த வருஷம் அவர் கோயில் வேலையில் நின்றுவிட்டதால், “கொட்டகையில இருக்கிற எல்லாத்துக்கும் வெச்சுரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் சுத்தியல், ஸ்பானர், மண்வெட்டி, போத்தல் என்று ஒன்று விடாமல் வைத்தாள்.

காய்ந்த சந்தனம் துணியோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் வெறும் கண்ணாடி.

அவள் கை நின்றது.

பெட்ரோல் போத்தலுக்கு மட்டும் நெற்றியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு உண்டு. அப்பாசாமி வைத்தது. ஒருநாள் மண்ணெண்ணெய் என்று நினைத்து அவள் அதை அடுப்படிக்குத் தூக்கிப் போனபோது, பிடுங்கி வாங்கி, “சிவப்புப் பொட்டு வெச்சதைத் தொடவே தொடாதே” என்றார். நேற்று அந்தச் சிவப்பின் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். இரண்டு போத்தலும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பூஜைக்கு இறக்கிய போத்தல்களைக் கருணாகரன் இடம் மாற்றி வைத்ததையும் யாரும் பார்க்கவில்லை.

தக்கையைப் பிடுங்கிச் சாய்த்தாள். விரலில் கொழகொழவென்று எண்ணெய் வழிந்தது. மருந்து இங்கேதான் இருந்தது, வாய்மட்டும் நிறைய.

“ஏங்க!” என்றாள். “ஏங்க, நில்லுங்க!”

“நீ சும்மா இருன்னா இரேன்!” என்ற அவர் குரலை ஸ்டார்ட்டரின் முனகல் பாதியில் விழுங்கியது. குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஈரத்தில் பற்றவில்லை. மறுபடி உரசினான்.

போத்தல் கையைவிட்டு நழுவி உடைந்தது. பூக்குப்பையை மிதித்து, வாசல் கட்டையில் கால் இடறி, தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்:

“தம்பி, பத்த வெக்காதே! அது மருந்து இல்ல!”