இரண்டாவது என்டர்

"மேடம், உங்க மௌஸ் எனக்கு ஒத்துவராது."

"ஏன், கடிக்குதா?"

"கடிச்சாலாவது புடிச்சுக்கலாம். கிளவுஸ் போட்ட கையில நிக்காம வழுக்கிட்டு ஓடுது. எல்லாத்தையும் கீபோர்டுலயே குடுத்துடுங்க."

"அதான் குடுத்திருக்கேனே. டேப் கீய தட்டினா ஒவ்வொரு பட்டனா நகருதுல்ல?"

"நகருது, நகருது, ஆமை மாதிரி. தகடு கொஞ்சம் கோணினாப் போதும், 'சரியா வை'ன்னு திரையில ஒரு பெட்டி வந்து உக்காந்துக்குது. என்டர் தட்டி அதை மூடினா, மறுபடி மேலேருந்து ஆறு டேப் தட்டி ஸ்டார்ட்டுக்கு வரணும். பெட்டிய மூடினதும் நேரா ஸ்டார்ட்லயே வந்து நிக்கிற மாதிரி செஞ்சு குடுங்க மேடம். புண்ணியமாப் போகும்."

நான்கு வருடத்துக்கு முந்தைய பேச்சு. தகடு அழுத்தும் பிரஸ் மிஷினுக்குக் கம்ப்யூட்டர் திரை எழுதிக் கொடுக்க வந்தவள் அவள். அந்த மிஷினை ஓட்டுபவன் அவன். கேட்டதை ஒரே சாயங்காலத்தில் செய்து கொடுத்தாள். மறுநாள் அவன் ஊரையே வாங்கிவிட்டவன் மாதிரி சிரித்த சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் வீட்டில் அவளுக்கு 'மேடம்' என்றுதான் பெயர்.

இருபத்து மூன்று நாளாக அந்தப் பேச்சு அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது. புண்ணியம் என்று கேட்டது பாவமாக முடிந்திருந்தது.

அன்று தகடு கோணலாக விழுந்து பெட்டி வந்தது. அவன் இடது கையால் என்டரைத் தட்டிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டுத் தகட்டை நிமிர்த்தினான். இடது விரல் அரை நொடி கூடுதலாக விசையிலேயே கிடந்துவிட்டது. கீபோர்டுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தியதை விடாமல் பிடித்தால், திரும்பத் திரும்பத் தட்டியதாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லும். முதல் என்டர் பெட்டியை மூடியது. இரண்டாவது என்டர், அவன் தட்டாத என்டர், ஸ்டார்ட்டை அழுத்தியது. எழுபது டன் அழுத்தத்தோடு இரும்பு இறங்கியது. மிஷின் கதவு அடைத்தால்தான் இறங்கவேண்டும் என்ற காவலை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார்.

அவனுடைய அண்ணன் அதே பட்டறையில் வெல்டர். அலறல் கேட்டு ஓடிவந்து, மிஷினை நிறுத்தி, கடப்பாரையால் நெம்பி அச்சைத் தூக்கியவர் அவர்தான். தம்பியின் கை வெளியே வந்தது. மூன்று விரல்கள் தகட்டோடு தகடாக அங்கேயே தங்கிவிட்டன.

பிடித்திருக்கும் விசையைப் பொருட்படுத்தாதே என்று ஒரே ஒரு வரி. அது எழுதப்படவில்லை என்பதை மூன்றாம் நாளே அவள் தன் நிரலில் கண்டுவிட்டாள். ஊமை கண்ட கனவு போல அதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டாள். வெல்டர் அண்ணன், வீட்டு அலமாரிக் கண்ணாடியை முட்டியால் உடைத்து, "இதுக்கு எவன் காரணமோ அவன் கைய ஒடைக்காம விடமாட்டேன்" என்று ரத்தம் சொட்டச் சொன்னதை அவள் பார்த்திருந்தாள். சொன்னால் இந்த வீடு போய்விடும்; அவனும் போய்விடுவான்.

அவன் அந்தக் கையை அவளுக்குக் காட்டியதே இல்லை. எப்போதும் துண்டுக்குள் இருக்கும். கட்டு மாற்றுவதென்றால் அண்ணன் வருவார், கதவு சாத்தப்படும். பார்க்க வேண்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

இன்று பட்டறையில் விசாரணை. அண்ணனும் அவளும் அவனோடு வந்திருந்தார்கள். அன்றிலிருந்து மூடிக் கிடந்த பிரஸ்ஸை, காவலை மாட்டாமலே, ஓட விட்டிருந்தார்கள். முதலாளி நாற்காலியில் இருக்க, சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார்.

"மிஷின் ரெக்கார்டுல ரெண்டு என்டர் இருக்குப்பா. கவனமில்லாம நீதான் ரெண்டு தடவ தட்டியிருக்க. அப்படின்னு கையெழுத்துப் போட்டா ஸ்டோர்ல ஒரு வேலை. போடலன்னா வீடுதான்."

அவன் இடது கையில் பேனாவை வாங்கினான். "நான்தான் தட்டியிருப்பேன். விடு அண்ணே."

"விடறதா? காவலைக் கழட்டினவன் காகிதம் நீட்டுவான், கை போனவன் கையெழுத்துப் போடணுமா?"

அடுத்த நொடி சூப்பர்வைசரின் சட்டைக் காலர் வெல்டர் அண்ணன் பிடியில் இருந்தது. இரும்புத் தூணில் மண்டை மோதிய சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது மோதலில் வாய் கிழிந்து ஒரு பல் தரையில் விழுந்தது. தடுக்க வந்த இருவரை உதறிவிட்டு, அவர் மேசையிலிருந்த பெரிய ஸ்பானரை எடுத்தார்.

"மாமா, நிறுத்துங்க!"

அண்ணனைப் பார்த்துக் கத்தியபடி அவள் பிரஸ்ஸுக்கு ஓடினாள். ஒரு தகட்டைக் கோணலாகப் போட்டு, கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை உள்ளே செருகினாள். திரையில் பெட்டி வந்தது. கட்டையால் தகட்டை நிமிர்த்திக்கொண்டே என்டரை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை.

பெட்டி மறைந்தது. எழுபது டன் இறங்கியது. கட்டை வெடித்துச் சிதறியது. ஒரு சிராய் அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? ஒரு தடவதான் தட்டினேன். அவரும் ஒரு தடவதான் தட்டியிருக்காரு. ரெண்டாவது என்டர் என் தப்பு. இதை எழுதினது நான். மூணாம் நாளே எனக்குத் தெரியும்."

சூப்பர்வைசர் தரையில் முனகிக் கிடந்தார். வெல்டர் அண்ணன் மெதுவாகத் திரும்பினார்.

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா கல்லுளிமங்கி மாதிரி எங்ககூட உக்காந்திருந்த?"

ஸ்பானர் உயர்ந்தது. அவள் நகரவில்லை. அது இறங்கிய வழியில் ஒரு வெள்ளைக் கட்டு குறுக்கே வந்தது. தன்னை அறியாமல் அவன் நீட்டியது வலது கையைத்தான். இரும்பு கட்டின் மேல் விழுந்தது. அவன் மண்டியிட்டுச் சரிந்தான். துணியில் சிவப்பு பொங்கிப் பரவியது.

அண்ணன் ஸ்பானரைக் கைவிட்டு, தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "பாவி, பாவி... மறுபடியும் இந்தக் கைதானாடா!"

"அண்ணே..." பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பேசினான். "அப்படி எழுதச் சொல்லிக் கேட்டதே நான்தான். அன்னைக்கு என் விரல் என்டர்லயே கிடந்தது எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்."

அவள் எண்ணெய்த் தரையில் அவன் எதிரே உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? இந்தக் கையப் பாத்தா, மேடம், நீ அப்புறம் ஒரு எழுத்துகூடத் தட்டமாட்ட. உன்னையும் சேத்து அந்த மிஷினுக்குக் குடுக்கணுமா?"

சொல்லிக்கொண்டே, ரத்தம் சொட்டும் கையை வழக்கம்போல் துண்டுக்குள் மறைக்கப் பார்த்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்து ரத்தம் உதட்டில் உப்புக் கரித்தது.

"என்னங்க, அந்தக் கைய எனக்குக் காட்டுங்க."