சோறு திருடி

நான் செரேர் இனம், அன்சு ஜோலா இனம். எங்கள் இரண்டு இனத்தாரும் சந்தித்தால் திட்டிக்கொள்ள வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்னோர் போட்டுவைத்த உறவு அது. செனகல் தலைநகர் டக்காரில் எட்டு வருடம் ஜோடியாக நடனம் ஆடினோம். எட்டு வருடமும் அவனுக்கு நான் சோறு திருடி, எனக்கு அவன் சோத்து மூட்டை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பிரான்சுக்குப் போனவன் இப்போது மூன்று வாரத்துக்கு வந்திருக்கிறான். பல நாடுகளிலிருந்து பத்து நடனக் கலைஞர்கள், எல்லாருமே நாற்பதைத் தொட்டவர்கள், கடலோரத்தில் ஒன்றாகத் தங்கிப் புதிதாக ஏதாவது உருவாக்க ஒரு முகாம். பட்டியலில் அவன் பெயரைப் பார்த்த அன்றே போய்த் தலைமுடியைப் பின்னிக்கொண்டு வந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

வந்தவன் கையை நீட்டினான். "நல்லா இருக்கீங்களா, சிகா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு திட்டுக்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கிக் கிடந்தேன்.

"உன் முட்டி சத்தம் வாசல் வரைக்கும் கேக்குதே, சோத்து மூட்டை."

"ஆமாங்க, போன வருஷம்தான் ஆபரேஷன் ஆச்சு" என்றான் மரியாதையாக.

காங்கோக்காரியோடு சிரித்தான், பிரேசில்காரனோடு சிரித்தான். என்னிடம் மட்டும் வாங்க, போங்க. பத்தாம் நாள், அந்தக் காலத்தில் எங்களுக்கு வாசித்த மேளக்காரர் துடு எங்கள் பழைய ஜோடி ஆட்டத்தின் தாளத்தை வேண்டுமென்றே வாசித்தார்.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. அடி மறந்து போச்சா, இல்ல கிழடு தட்டிப் போச்சா?"

எழுந்தோம். முதுகோடு முதுகு சாய வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். அவன் முதுகு அங்கே இருந்தது. அழுதுவிடுவேன் என்று பயந்து பாதியிலேயே விலகிவிட்டேன்.

அன்று மதியம் ஒரே தட்டைச் சுற்றி மீன்சோறு. மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்டா என்னைத் திட்ட மாட்டேங்கிற?"

"கிளம்புறப்ப ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "சோறு திருடி, என்கூட வந்துடு. சமைச்சுப் போட ஒரு வேலைக்காரி வேணும்." "ஜோலாக்காரன் மூட்டையை நான் சுமக்கணுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"நீ விளையாட்டுக்குக் கேட்டேன்னு நெனச்சேன்."

"விளையாட்டாத்தான் கேட்டேன். வேற எப்படிக் கேக்கத் தெரியும் நமக்கு?"

"இப்பக் கேளு. திட்டாம கேளு."

அவன் மீனில் நல்ல துண்டாகப் பிட்டு, முள்ளை எடுத்துவிட்டு, விருந்தாளிக்குத் தள்ளுவதுபோல என் பக்கம் தள்ளினான்.

"லியோன்ல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஒன்பது வயசு. சிகான்னு பேர் வச்சிருக்கேன்."

மீன் என் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்காமலே கேட்டேன்.

"நல்லா சோறு சாப்பிடுவாளா?"

"திருடித் திம்பா" என்றான்.