சுவருக்கு ஒரு நாள்

வீட்டில் அவருக்குப் பெயர் டைம்டேபிள். வைத்தவன் மச்சினன், மறுத்தவர் யாருமில்லை. பள்ளிக்கூட பஸ்களுக்கு ரூட் போடுவது உத்தியோகம். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை ஏறும், எந்தத் திருப்பத்தில் வண்டி மாட்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். ஒரு பஸ் தாமதமானால் அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் பெரு நாட்டுக்குப் போய் இன்கா மக்கள் கட்டிய பழைய ஊர்களைப் பார்க்கத் திட்டம் போட்டால் கேட்கவா வேண்டும்.

ஆசை என்னவோ மனைவியுடையது. கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, "இது உனக்காகவே போடுற ட்ரிப்" என்று அறிவித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தார். உயரத்தில் மூச்சு வாங்கும் என்று படித்ததும், முதலில் பள்ளத்தாக்கில் தங்கிப் பழகிவிட்டு அப்புறம் மேலே ஏறலாம் என்று மாற்றினார். அவள் முழங்காலை நினைத்து மச்சு பிச்சுவுக்கு நடையை வெட்டிவிட்டு ரயிலைச் சேர்த்தார். குறை சொல்ல முடியாது, பாசமாகத்தான் செய்தார்.

திட்டம் எழுதிய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அவள் விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. குஸ்கோ நகரம், கல் சுவர், பத்து நிமிஷம், சாப்பாட்டுக்குப் போகிற வழியில்.

"நான் வரலைங்க. நீங்களும் உங்க கடிகாரமும் போயிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட வர மாட்டேன் என்று அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

மச்சினனுக்குப் போன் போட்டார். "வேணும்னா இருபது நிமிஷம் ஆக்கிடறேன்டா."

"மாமா, அக்கா என்ன ஸ்கூல் பிள்ளையா, பஸ்ல ஏத்தி இறக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் அவள் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அதைச் சாக்காக வைத்து அவளுடைய லேபுக்குப் போனார். பல்லுக்கு மாட்டுகிற கேப், செயற்கைப் பல் எல்லாம் செய்கிற இடம் அது. இத்தனை வருஷத்தில் வாசலோடு திரும்பியிருக்கிறாரே தவிர உள்ளே கால் வைத்ததில்லை.

மாற்றுக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். முன்னால் யாரோ ஒருவருடைய தாடையின் பிளாஸ்டர் அச்சு. புதுப் பல்லை அதில் பொருத்தி, நடுவில் மெல்லிய நீலத்தாளை வைத்து மேல் தாடையை மூடித் திறந்தாள். பல் இடிக்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்த இடத்தை மட்டும் துளி ராவினாள். மறுபடி தாள், மறுபடி புள்ளி, மறுபடி ராவல். அவர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார், பிறகு எதற்குத் தூக்கினோம் என்பதே மறந்துபோனது.

"போதாதா? நல்லாத்தானே இருக்கு?" என்றார் மெதுவாக.

நிமிராமலே சொன்னாள். "உங்க கண்ணுக்கு நல்லா இருக்கு. ஒரு முடி அளவு உசந்தாலும் அந்த மனுஷனுக்கு வாய் முழுக்க அந்தப் பல்லேதான் இருக்கும்."

கடைசியில் அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அட, இப்படி ஒருத்தியோடயா குடித்தனம் நடத்தினோம் என்று மலைத்துப்போனார்.

அப்போதுதான் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பத்திரிகையில் கிழித்தது, ஓரமெல்லாம் பழுத்திருந்தது. குஸ்கோ சுவர். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு தினுசு. நடுவில் ஒரு பெரிய கல், அதற்குப் பன்னிரண்டு மூலை. சுற்றியிருக்கிற கற்கள் அத்தனை மூலைக்கும் வளைந்து கொடுத்து ஒட்டி நின்றன. சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "நாங்க அவசரப்பட்டா அம்மா அந்தச் சுவரைத்தான் காட்டுவாங்க. கல்லுல இவ்வளவு பண்ணியிருக்கான், உனக்குப் பல்லுல என்ன கேடுன்னு கேப்பாங்க."

டைம்டேபிள் கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டார். பத்து நிமிஷம் என்று எழுதிய கையை நினைத்து வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் புதுத் தாள் மேசைக்கு வந்தது. பாதி ஊர்கள் காணாமல் போயிருந்தன. குஸ்கோவுக்கு எதிரே நாள் முழுக்க ஒரே வார்த்தை.

"சுவர்," என்று படித்தாள். "மத்தியானத்துக்கு மேல?"

"மத்தியானத்துக்கு மேலயும் சுவர்தான். வெயில் திரும்புனா இடுக்கெல்லாம் வேற மாதிரி தெரியுமாம். தொட விட மாட்டாங்களாம், பார்க்கலாம்."

அவள் விரல் கொண்டுபோகிற சாமான் பட்டியலுக்கு இறங்கியது. "ரெண்டு மடக்கு ஸ்டூல் எதுக்குங்க? எனக்கு ஒண்ணு போதாதா?"

"இன்னொண்ணு எனக்கு," என்றார். "எனக்குப் பார்க்கத் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து நீ சொல்லிக் காட்டு."

அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"என் பாஸ்போர்ட் தேதி முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். நாளைக்கே போய் மாத்திடணும்."