பதினைந்து டிகிரி

முப்பதாவது இலையைக் கத்தரித்து, சுடச்சுட இருந்த ஆல்கஹால் குழாய்க்குள் போட்டு மூடினான் கம்ப்ரசர்.

பெற்றோர் வைத்த பெயரல்ல அது. அவன் குறட்டை நடுவில் நின்று, யோசித்து, தடதடவென்று மறுபடி ஓடுவதால் அக்கா வைத்தது. தொழிலும் அதற்கேற்றாற்போல் குளிர்சாதன மெக்கானிக் என்று அமைந்துவிட்டது. அக்காவின் ஆராய்ச்சிக்கூடத்துக் குளிரறை அவன் பொறுப்பு. எப்போதும் நான்கு டிகிரி. அதற்குள் ஒருமுறை தும்மியபோது, தும்மல் மறுநாள் கதவைத் திறந்த பிறகுதான் வெளியே கேட்டதாம். அவன் சொன்னதுதான்; கேட்டவர்கள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இன்றைக்குத் தும்ம நேரமில்லை. அக்கா ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லி இன்றோடு எட்டு நாள். காலையில்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அவள் அவனை விரட்டியிருந்தாள்.

"பத்து மணிக்கு வெட்டணும்டா. நாப்பத்தெட்டு செடி, ஆளுக்கு ஒரு இலை. அசிஸ்டென்ட் பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டா. உன்னை விட்டா ஆளில்ல."

"நான் போகலக்கா."

"இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவ? குறட்டை விடுவ."

செடியின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. குளிர் வந்தால் அது வெண்ணெய் மாதிரி இறுகும். இறுகினால் செடி செத்தது. அதனால் நாளடைவில் தன் வெண்ணெயைத் தானே எண்ணெய் போல இளக்கிக்கொள்கிறது. எவ்வளவு இளக்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அக்காவுக்குப் பாதி ஆயுள் போனது.

"வெட்டின இலை அஞ்சு விநாடியில குழாய்க்குள்ள போகணும், கையில வச்சுட்டு வேடிக்கை பார்க்காத. பதறிப்போய் தன் சவ்வைத் தானே உடைச்சுக்கும். அப்புறம் நாம அளக்கிறது குளிரை இல்ல, உன் கத்தரிக்கோலை."

"சரிக்கா. அக்கா, ஒண்ணு சொல்லணும்..."

"நானே சொல்றேன். உன் ரூம் பதினாலு நாளா நாலு டிகிரி தாண்டல. ஃபோன்ல பார்த்துட்டேதான் இருக்கேன். உன்னைப் போய் உருப்பட மாட்டேன்னு திட்டினேனே!"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நான்கு நாளைக்கு முன் பகலில் குளிரறையின் விசிறி மோட்டார் எரிந்துபோனது. அறை சூடேறினால் அக்காவின் ஃபோன் அலறும். இரண்டு நாள் வலிக்குப் பிறகு அப்போதுதான் அவள் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்புவானேன் என்று வெப்பமானியின் மேல் ஒரு ஐஸ் பொட்டலத்தைக் கட்டிவிட்டு, மோட்டாரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தான். வெப்பமானி சமத்தாக நான்கு காட்டியது. அறை ஆறு மணி நேரம் பதினைந்தில் கிடந்தது. குளிர் விட்டுவிட்டது என்று செடிகள் மனம் மாறியிருக்குமோ என்னவோ, அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தாள். வெட்டி முடித்து ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும். அவள் இருக்கும்போதே.

முப்பத்தொன்றில் ஃபோன் அடித்தது. இலையைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு எடுத்தான். மாமா, அக்காவின் கணவர்.

"சீக்கிரம் வாடா. மூச்சு ஒரு மாதிரி இருக்கு. காதுல வைக்கிறேன், பேசு."

கரகரவென்று மூச்சு கேட்டது.

"அக்கா..." என்றான். "முப்பத்தொண்ணு முடிஞ்சுது."

"எத்தனை... விநாடி?"

"அஞ்சு."

"நீயா? அஞ்சா?" சிரிப்பு போல ஏதோ வந்தது.

"சரி, ஆறு. அக்கா, இன்னொண்ணு, அந்த வெப்பமானி..."

"நர்ஸ் வந்திருக்காங்கடா, அப்புறம் பேசு," என்றார் மாமா.

முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. கத்தரிக்கோல் தானாக வெட்டியது. மனதுக்குள் வாக்கியத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். பெரிய வாக்கியமில்லை, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாற்பதாவது இலை கையிலிருந்தபோது மறுபடி அடித்தது. இலையைப் போட்டான். மூடினான். எடுத்தான்.

மாமாதான்.

"வந்துட்டே இருக்கேன் மாமா. இன்னும் எட்டுதான்."

"பரவால்லடா," என்றார் அவர். "மெதுவாவே வா."

அவன் ஃபோனைப் பைக்குள் வைத்தான். பிறகு மீதி எட்டையும் வெட்டினான். ஒன்றுகூட ஐந்து விநாடி தாண்டவில்லை.

கதவோரம் ஆணியில் அக்காவின் நோட்டு தொங்கியது. முதல் சில நாள் அவளுடைய குட்டிக் கையெழுத்து. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவனுடைய கோணல் எழுத்து. பத்தாம் நாளில் அவன் எழுதிய '4' இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் '15' என்று எழுதப்போனான். குளிரில் மை இறுகிவிட்டிருந்தது. தாளில் வெறும் கீறல்தான் விழுந்தது.

பேனாவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். வாயருகே கொண்டுபோய் ஊதினான். மறுபடி தேய்த்தான்.