போத்தலில் எழுதிய பேர்

வாவியில் வலை எடுக்கப் போன என் புருஷன் கோணாமலை திரும்பி வரவில்லை. தோணி மட்டும் தன்னாமுனைக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டு, சண்டை உச்சத்தில் இருந்த நேரம். யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கு ஆறு மாதம் முந்தித்தான் கொழும்பில் அவருடைய தொடையிலிருந்து ஒரு புற்றுக்கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் தம்பி கதிர்காமத்தம்பி, அதில் ஒரு துண்டை வாங்கி, அதன் செல்களைக் கண்ணாடிப் போத்தலில் வளர்த்தான். புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்க அப்படி வளர்ப்பார்களாம்.

வருசம் திரும்பியதும் அவருடைய அக்கா, என் மச்சாள் சீதேவிப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கருமத்தச் செய்து முடிப்பம், மச்சி. அவன் அலையப்படாது."

"உசிரோட இருக்கிறவருக்கு எப்பிடிச் செய்யிற?" என்று தம்பியின் கடிதத்தை நீட்டினேன். அத்தானின் செல்கள் நன்றாகப் பெருகுகின்றன என்று எழுதியிருந்தான்.

மச்சாள் படித்துவிட்டு முழித்தாள். "இது கட்டியெல்லுவா? அவனில்லியே."

"அவர்ர கட்டிதானே."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கே தலை சுற்றியது. அவரைக் கொல்ல வந்தது உயிரோடு இருக்கிறது, அவரைக் காணவில்லை. ஆனாலும் அவரில் ஒரு துளி உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த உயிருக்காக அந்திதோறும் விளக்கு வைத்தேன்.

அடுத்த மாதம் தம்பியே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, அந்தச் செல்லுக்குப் பேர் வைக்க முந்தி, ஆர்ர எண்டு சோதிச்சுப் பார்த்தம். அது ஒரு பொம்புளைட செல். பக்கத்துப் போத்தலுக்குள்ள இருந்து ஒரு துளி தெறிச்சு விழுந்து, அத்தான்ட செல்ல மூடி வளர்ந்திற்று."

"அப்ப அவர்ர செல் எப்ப செத்த?"

"தெரியா, அக்கா. போத்தல்ல அத்தான்ட பேர் இருந்த. அதால நம்பிற்றம்."

இத்தனை மாதமும் யாரோ ஒருத்திக்காகவா விளக்கு வைத்தேன்? கோபத்தில் அவனை அடிக்கலாம் போலிருந்தது.

"அந்தப் பொம்புள இப்ப எங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவ செத்து நாப்பது வருசம், அக்கா. செல்தான் இருக்கு, ஊரூரா ஆய்வுகூடங்கள்ல."

மச்சாள் என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று எனக்கே விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சாளைக் கேட்டேன்.

"தோணி ஒதுங்கின அண்டைக்கு என்ன திதி, மச்சி?"