டிரைவர் மட்டும் வண்டியில்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டுவதில் புலி. ஒரே ஒரு நிபந்தனை, ஸ்டியரிங்கை வேறு யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எங்கள் காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் மாஸ்டர் தன் காலால் சமாளிக்கலாம், அதற்காக வைத்தது. ஆனால் எங்கள் மாஸ்டர் யாரும் சொதப்புகிற வரைக்கும் காத்திருக்கிற ரகமில்லை, முன்கூட்டியே சமாளித்துவிடுவார். பஸ்ஸில் ஏறினால் முன்னால் நிற்பவரின் செருப்பை மிதிப்பார். டிவியில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டால் எங்கள் வீட்டு டீப்பாய் சுவர் வரைக்கும் போய்விடும்.

"எங்களிடம் பயின்றவர் வண்டி ஆஃப் ஆகாது" என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தார். நானும் அவரிடம் பயின்றவள்தான். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து எங்கே போனாலும் ஸ்டியரிங் எனக்கு, பக்கத்து சீட் அவருக்கு. பெண்டாட்டியை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்காருகிற ஆள் எங்கே கிடைப்பான் என்று தெருவில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, பொய் சொல்வானேன்.

பிறகு எதிர்ச்சாரியில் ஏசி போட்ட புது ஸ்கூல் ஒன்று வந்தது. அங்கே கிளட்சே இல்லாத கார்கள். எங்கள் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். கடைசியில் நானும் அவரும் மட்டும் மிச்சம். அப்போதுதான் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணி, அதாவது அவருடைய அக்கா, போன் போட்டாள்.

"இங்க ஒரு டிரைவிங் ஸ்கூல்கூட கிடையாது. கார் வாங்கி வச்சுட்டுத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க. மீன் கடைக்காரம்மா ஒருத்தங்க ஸ்டார்ட் பண்ணப் பயந்து புதுக் கார் மேல மீன் கூடைய வச்சிருக்காங்க. என் கடைக்குப் பக்கத்து ரூம் காலியா கிடக்கு. கிளம்பி வாங்க. நீங்க கப்பல்லேர்ந்து இறங்குறப்ப ஆளுங்களத் திரட்டி நிக்க வைக்கிறேன். என் தம்பி வண்டி ஓட்டிட்டு வர்ற அழகப் பாத்தே பாதிப் பேர் சேந்துடுவாங்க."

அண்ணி சொன்னால் செய்வாள், செய்யாவிட்டாலும் செய்ததாகச் சொல்வாள். நாங்கள் ஸ்கூலை மூடினோம், வீட்டைக் காலி செய்தோம். பாத்திரம், பாய், மிக்ஸி எல்லாவற்றையும் பின் சீட்டில் அடைத்தோம். போர்டை மேலே கட்டினோம். தீவில் ஆள் சேரவில்லையென்றால் திரும்பி வர எங்களுக்கு ஒரு வாசல்படிகூட இல்லை.

வண்டி ஏற்றுகிற கப்பல் அது. முன்பக்கம் இரும்புப் பலகையைத் துறையில் சாய்த்துவிடுவார்கள், கார்கள் ஒவ்வொன்றாக ஏறும். எங்கள் முறை வந்ததும் விசில்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"டிரைவர் மட்டும் வண்டில இருங்க. மத்தவங்க இறங்கி நடந்து ஏறுங்க. ரூல்ஸ்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்குற? ஸ்டியரிங் உன் கைலதானே இருக்கு, ஓட்டிட்டு வா," என்று சொல்லி இறங்கிக்கொண்டார். குரல் என்னவோ தெம்பாகத்தான் இருந்தது. முகத்தில்தான் ஈயாடவில்லை.

நான் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தேன். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ஒரு குதி. பின்சீட்டில் பாத்திரமெல்லாம் கலகலத்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இத்தனை வருஷம் ஓட்டிய வண்டி, அதே சீட், அதே கால். இறங்கி வந்து அவரிடம் சொன்னேன், "வண்டில ஏதோ கோளாறு. நீங்க எடுங்க."

அவர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார், யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலில் உட்காருவதுபோல. கிளட்சை மிதித்தார். பிரேக்கை மிதித்தார். இரண்டையும் மிதித்துக்கொண்டு கம்பீரமாக முன்னால் பார்த்தார். வண்டி அசையவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டில் ஆக்ஸிலேட்டர் கிடையாது. இருபது வருஷமாக அவருடைய காலுக்கு அப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. விசில்காரர் ஜன்னலில் குனிந்தார்.

"யாருங்க டிரைவர்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுத்தவரைக் கைகாட்டினோம். விசில்காரர் மேலே கட்டியிருந்த போர்டை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு நாலு ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் கார் தள்ளப்பட்டு ஏறியது. மானம் கப்பலேறுவது என்பார்கள், எங்கள் மானம் காரோடு சேர்ந்து ஏறியது.

கப்பல் கிளம்பியதும் யார் கண்ணிலும் படாமல் காருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டோம், அவரவர் பழைய சீட்டில். சும்மா இருக்காமல் அவர் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்தார். என் காலுக்குக் கீழே என் கிளட்ச் தானாகக் கீழே போனது. அவர் காலை எடுத்தார், என்னுடையது மேலே வந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்துப் பெடலும் ஒன்றோடொன்று இணைத்தவை. நான் காலை அதன்மேல் வைத்திருந்தேன், அது இறங்கியது, ஏறியது. நான்தான் மிதிக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க," என்றேன், "நான் என்னிக்காவது கிளட்ச் மிதிச்சிருக்கேனா?"

அவர் கடலைப் பார்த்தார். "ஆரம்பத்துல ஒரு தடவ மிதிச்சு, சட்டுனு விட்டுட்ட. ஆஃப் ஆயிடுச்சு. உன் மூஞ்சி வாடிப்போச்சு. எனக்குப் பாக்கச் சகிக்கல."

"அப்ப பிரேக்?"

அவர் தன் பக்கத்து பிரேக்கை ஒருமுறை மிதித்தார், என்னுடையதும் கூடவே கீழே போனது.

"மத்த ஸ்டூடன்ட்ஸுக்கும் இதே கதைதானா?"

"பாவம், எல்லாரும் பயப்படுவாங்கம்மா."

அப்போதுதான் எங்கள் தெரு மெக்கானிக் ஞாபகத்துக்கு வந்தார். வருஷம் தவறாமல் எங்களுக்கு ஒரு பெட்டி ஸ்வீட் அனுப்புவார். "உங்க ஸ்டூடன்ட்ஸ் லைசென்ஸ் வாங்குனதும் நேரா எங்கிட்டதான் வர்றாங்க, வண்டி ஆஃப் ஆகுதுன்னு" என்று ஒருமுறை சொன்னார். நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் மிக்ஸியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன், அது என் அம்மா வாங்கிக் கொடுத்தது. ஒரு மனுஷியை இவ்வளவு காலம் தானே ஓட்டுவதாக நம்பவைத்து ஏமாற்ற எப்படி மனசு வந்தது? அதுவும் பாசத்தில் செய்தேன் என்று சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அதனால் இன்னும் கோபம் வந்தது.

"காலத் தூக்குங்க," என்றேன்.

"எதுக்கு?"

"தூக்குங்க. இப்ப சொல்லிக் குடுங்க. நெஜமா."

தூக்கினார். இன்ஜினைப் போடாமலே எனக்குப் பாடம் நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, வாயால் சொல்லிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கிளட்சை எப்படி விட வேண்டும், எந்த இடத்தில் வண்டி லேசாக நடுங்கும், அங்கே எப்படிப் பொறுமையாக இருக்க வேண்டும், எல்லாம் அப்படியே காலில் இறங்கியது. இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு தானே மிதித்துக்கொண்டிருந்த மனுஷனை என்ன சொல்ல. தீவு நெருங்கியது, துறை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் தன்னையறியாமல் காலை இறக்கி பிரேக்கை ஓங்கி மிதித்தார். கப்பல் நின்றது. எப்படி, என்பதுபோல என்னைப் பார்த்தார்.

துறையில் அண்ணி சொன்னபடியே கூட்டம் நின்றது. சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. விசில்காரர் எங்களைப் பார்த்ததும் தள்ளுகிற ஆட்களைத் தேடினார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்காரரை இறக்கிவிட்டேன்.

கிளட்ச். கியர். அந்த நடுக்கம் வந்தது. பொறுத்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு பலகையில் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் அவர், ஓடிக்கொண்டே, ஒவ்வொரு அடியிலும் இடது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துவைத்து வந்தார். அவர் தீவில் கால் வைத்ததே கிளட்ச் மிதித்துக்கொண்டுதான்.

கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி நிற்கும் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் நிற்கும். நிற்கவில்லை. மக்கள் இரண்டு பக்கமும் துள்ளி விலகினார்கள். அண்ணியின் வாய் திறந்தபடி ஜன்னலைக் கடந்து போனது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, கடைத்தெருவைத் தாண்டி, கடலோர ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நாய் ரோட்டின் நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. என் கால் அதுவாகவே போய் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது. நான் நிறுத்தியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாயின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே வண்டியை எடுத்தேன். தீவைச் சுற்றி ஒரே ரோடுதான், அது என்னைத் திரும்பவும் துறையிலேயே கொண்டுவந்து விட்டது. இந்த முறை கூட்டத்துக்கு முன்னால் அழகாக நிறுத்தினேன்.

அண்ணி அதற்குள் கதை கட்டியிருந்தாள். "இதுதான் டெமோ. பொம்பளைக்கே இவ்வளவு வருதுன்னா மாஸ்டர் எப்படி ஓட்டுவார்னு பாருங்க. டேய் தம்பி, இப்ப நீ ஓட்டிக் காட்டு."

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் மெதுவாக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்க பாரு," என்று கிசுகிசுத்தார். "நீ பக்கத்து சீட்டுக்குப் போ. நான் சும்மா ஆக்ஸிலேட்டர மட்டும் பாத்துக்கறேன். கிளட்ச் நீ போட்டுடு. யாருக்கும் தெரியாது. கூட்டம் கலஞ்சா நம்ம கதி அவ்வளவுதான்."

நான் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். எனக்கு முன்னால் அந்த இரண்டு பெடலும். ஒரு மிதி மிதித்தால் போதும், ஸ்கூல் பிழைத்துவிடும், அவர் மானமும் பிழைத்துவிடும். அவர் முகம் வாடிப்போயிருந்தது. இதைத்தான் அவரும் தினம் தினம் பார்த்திருக்கிறார். எனக்கும் சகிக்கவில்லை.

இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடி பண்ற?" என்றார், உதடு அசையாமல்.

"நீங்கதான் டிரைவர். எடுங்க."

வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுபடியும் எடுத்தார், மறுபடியும் ஆஃப். இப்போது எல்லோருமே சிரித்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் கிளம்பவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் என் மடித்த கால்களைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்கூலில் பேசுகிற அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆஃப் ஆயிடுச்சு. பரவால்ல. மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுவோம். கிளட்ச மெதுவா விடணும். அவசரம் இல்ல."

கூட்டத்தின் முன்னால் ஒரு பெரிய மனுஷி நின்றிருந்தாள், மீன் கடைக்காரி. புதுக் கார் வாங்கி ஸ்டார்ட் செய்யப் பயந்து அதன்மேல் மீன் கூடையை வைத்திருப்பவள் என்று அண்ணி போனில் சொன்னது அவளைத்தான். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"மாஸ்டரே, உங்களுக்கே ஆஃப் ஆகுமா?"

"ஆகும்மா," என்றார் அவர்.

"அப்ப என் பேர எழுதிக்கங்க," என்றாள் அவள். கிளம்பிய இரண்டு பேரும் நின்றார்கள்.

அவர் மறுபடியும் சாவியைத் திருகினார். எனக்குக் கீழே, யாரும் தொடாமலே, அந்தக் கிளட்ச் கீழே போனது. மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே வந்தது. பாதியில் வண்டி நடுங்கியது. என் கால் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் நான் அதை இறக்கவில்லை.